சப்பைத் தண்ணி

1981 சித்திரை, ஊட்டி சீசன் தொடங்கும் நேரம். திருப்பூரிலிருந்து வந்த டீசல் அம்பாசிடர் ஒன்று மேட்டுப்பாளையத்தில் எங்கள் ரேடியேட்டர் கடை வாசலில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. "கல்லாறுகூடத் தாண்டலீங்க, அதுக்குள்ள கொதிச்சுருச்சு. அப்படியே திருப்பிக்கிட்டு வந்துட்டேன்" என்றார் டிரைவர். எங்கள் மேஸ்திரி பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, அவரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம் யாரும் வண்டியைத் தொடவில்லை.

ஆறிய பிறகு ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் சின்னக் குழாயைத் திருகச் சொன்னார். திருகினேன். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். மஞ்சள் நிறத்தில் குழம்பு மாதிரி ஒன்று கொழகொழவென்று வந்து விழுந்தது. மேஸ்திரி அதை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "எத்தனை பாக்கெட்டுங்க?" என்றார். டிரைவர் தலையைச் சொறிந்தார். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டால் ஒழுக்கு அடைபடும் என்பது நம் நாட்டு டிரைவர்களின் பழைய கைவைத்தியம். அடைபடுவது உண்மைதான். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது தண்ணீர் போகும் வழி என்று தெரியாது.

எனக்கு அப்போது பதினேழு வயது. கடையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடை இப்போது இல்லை. அந்தத் தொழிலும் இல்லை என்றே சொல்லலாம். தண்ணீர் மாற்றுவதும் கழுவுவதும் ஒரு காலத்தில் எப்படி ஒரு தெருவுக்கே சோறு போட்டது என்பதை, அதைச் செய்த கை இன்னும் நடுங்காமல் இருக்கும்போதே எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா ரயில்வேயில் கலாசி. குன்னூர் லோகோ ஷெட்டில் நீராவி இன்ஜின்களின் பாய்லரைக் கழுவும் வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயில் 1899-ல் ஓட ஆரம்பித்து, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 46 கிலோமீட்டர் பாதை. ஏறும்போது வழியில் தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டும். ஹில்குரோவில் இறங்கி டீ குடித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். அப்படி இன்ஜின் குடித்த தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த சுண்ணாம்பு மட்டும் பாய்லருக்குள்ளேயே தங்கும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை நெருப்பை அணைத்து, இன்ஜினை ஆறவிட்டு, அடைப்பான்களைக் கழற்றி, குழாயால் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும். அதற்கு வாஷ் அவுட் என்று பெயர். அப்பா வீட்டுக்கு வந்தால் அவர் நக இடுக்கில் வெள்ளைத் தூள் இருக்கும். நான் பிற்பாடு ரேடியேட்டரில் செய்ததெல்லாம் அப்பா பாய்லரில் செய்ததின் சில்லறை வியாபாரம்தான்.

காருக்கும் ஆரம்பத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் வழி. 1888-ல் பெர்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர வண்டியை ஓட்டிப் போனார். எரிபொருளை வீஸ்லாக் ஊர் மருந்துக் கடையில் வாங்கிய கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: வழி நெடுக அவர் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. உலகத்தின் முதல் நெடும்பயணக் காரோட்டியும் மலை ஏறும் நம் டிரைவர் மாதிரி குடத்தைத் தேடியவர்தான்.

கொதித்த தண்ணீரை வீணாக்காமல் ஆற வைத்துத் திரும்ப அனுப்பலாம் என்று சரியாகச் செய்து காட்டியவர் வில்ஹெல்ம் மைபாக். 1900-ல் அவர் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் எட்டாயிரத்துக்கும் அதிகமான பொடிக் குழாய்களை அடுக்கித் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் இருந்தது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்குக் கொள்கை மாறவில்லை. மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி, நடுவே மெல்லிய குழாய்கள், குழாய்களுக்கு இடையே காற்றுக்கு வழி. எங்கள் பாஷையில் டாப் டேங்க், பாட்டம் டேங்க், கோர். குழாய் பித்தளை, இடையில் மடிப்பு மடிப்பாக வரும் தகடு செம்பு, எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருப்பது ஈயம்.

ஈயம் என்றதும் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மோட்டார் மெக்கானிக்காகத் தொழிலுக்கு வந்தவரில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் குடும்பம். துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போனவர். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தொட்டு, பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் உள்ளே வெள்ளி மாதிரி மின்னும். எவர்சில்வர் வந்தது, கூப்பிட ஆளில்லை. லாரிப் பட்டறை ஒன்றில் ஒழுகும் ரேடியேட்டரைக் காட்டி, "இதைப் பத்த வைக்க முடியுமா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பித்தளைதானே, அவருக்கென்ன! உப்பு ஆசிட்டில் பழைய டார்ச் பேட்டரியின் துத்தநாகத் தகட்டைப் போட்டுக் 'கொன்று' வைத்துக்கொள்வார். அது பொங்கி அடங்கிய பிறகு அதைத் தடவினால்தான் ஈயம் பிடிக்கும். செம்புக் கட்டிப் பத்துக்கோலை அடுப்பில் காய்ச்சி அவர் இழுக்கும் பத்து, தையல் போட்ட மாதிரி நேராக ஓடும். அந்தப் புகையைத் தினமும் மூக்குக்குள் இழுத்தவர்களின் உடம்பு என்ன ஆகும் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இனி டீசல் அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியாக வைத்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியிலிருந்து செய்து வந்த வண்டி. 1980-ஐ ஒட்டி அதில் 1,489 சிசி டீசல் இன்ஜின் ஒன்றையும் வைத்தார்கள். அதுவும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய வடிவம்தான். சுமார் 37 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு மேல் எடை, அதற்கு மேல் ஆறு பேர், கேரியரில் பெட்டி படுக்கை. இதை ஏற்றிக்கொண்டு கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பெட்ரோலைவிட டீசல் விலை குறைவு என்பதால் டாக்ஸிக்காரர்கள் அந்தக் கடகட சத்தத்தையும் ஆட்டத்தையும் பொறுத்துக்கொண்டார்கள்.

டீசல் இன்ஜின் காற்றை இருபது மடங்குக்கும் மேல் நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்ற வைப்பது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்பது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட். சூடு மிஞ்சினால் ஹெட் கொஞ்சம் வளையும், கேஸ்கட் வழிவிடும். அப்புறம் ரேடியேட்டருக்குள் குமிழி, எண்ணெயில் தண்ணீர், டிப் ஸ்டிக்கை உருவினால் பால் காபி நிறம். பெட்ரோல் வண்டி கொதித்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். டீசல் வண்டியைக் கொதிக்க விட்டால் பாதிச் சம்பாத்தியம் போய்விடும்.

ஊட்டி ஏறுகிறவனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடி. அதிலிருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். ஒரு பார் அழுத்தம் கூடினால் கொதிநிலை 120 டிகிரிக்குப் போய்விடும். அம்பாசிடர் மூடி அவ்வளவு பிடிக்காது என்றாலும், பிடித்த அளவு உயிர்காக்கும். அந்த ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். டிரைவர் துணியைச் சுற்றி அமுக்கி வைத்திருப்பார். கடைக்கு வந்த வண்டிகளில் பலவற்றுக்கு மூடியை மாற்றியதும் வியாதி போய்விட்டது. நம் சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பரிசு வாங்கியது என்று படித்தபோது, அந்தத் துணி சுற்றிய மூடிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

அந்த மூடி என் கையிலும் எழுதியிருக்கிறது. கடையில் சேர்ந்த முதல் வருஷம், அவசரக்காரர் ஒருவர் நச்சரித்தார் என்று சூட்டோடு திறந்தேன். இடது முழங்கைக்குக் கீழே தோல் அப்படியே உரிந்து வந்தது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். அதுவரை கொதிக்காமல் அடங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அந்த நொடியில் கொதித்து எகிறும். மேஸ்திரி திட்டவில்லை. வண்டி வந்தால் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகும் பழக்கம் அன்றைக்குப் பிறகு அவருக்கு வந்தது.

சரி, கழுவுகிற வேலைக்கு வருகிறேன். ஆறின வண்டியை முன்பக்கம் கொஞ்சம் மேடாக நிறுத்திக்கொள்வோம். மூடியைத் திறந்து, அடிக் குழாயைத் திருகி விடுவோம். புதுப் பையன்கள் அத்தோடு முடிந்தது என்று நினைப்பார்கள். ஏறக்குறைய பாதித் தண்ணீர் இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு குழாய் உண்டு. வருஷக்கணக்காகத் தொடாமல் துரு பிடித்து இறுகியிருக்கும். அதைத் திறந்தால் வருவது தேநீர் டிகாக்ஷன் மாதிரி செங்காவி நிறம். அது வார்ப்பிரும்பு கரைந்த நிறம். வெள்ளையாகக் கலங்கி வந்தால் சுண்ணாம்பு. வானவில் படலம் மிதந்தால் எண்ணெய், அந்த வண்டியை எங்களிடம் வைத்துக்கொள்ளாமல் இன்ஜின் பட்டறைக்கு அனுப்பிவிடுவோம்.

அப்புறம் மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டையும் கழற்றி, தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராகப் பீய்ச்சுவோம். ரேடியேட்டரில் வழக்கமாக மேலிருந்து கீழே ஓடும், நாங்கள் கீழிருந்து மேலே விடுவோம். ஓடும் திசையில் வந்து அடைந்த கசடு, பின்பக்கமிருந்து தள்ளினால்தான் கழன்று வரும். சாக்கடை அடைப்பெடுத்த எவருக்கும் இது தெரியும். லேசாகப் படிந்திருந்தால் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, வண்டியை ஓட விட்டு, மறுபடி வடிப்போம். பிற்காலத்தில் சிட்ரிக் ஆசிட் வந்தது. சுண்ணாம்பைக் கரைப்பதற்கு அது இன்னும் நல்லது, ஆனால் கடைசிச் சொட்டு வரை கழுவித் தள்ள வேண்டும்.

அந்த மஞ்சள் தூள் வண்டி இதற்கெல்லாம் அசையவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி, டாப் டேங்க்கின் பத்தை உருக்கித் திறந்தோம். உள்ளே குழாய் வாய்களைப் பார்த்தால் தேன்கூட்டில் மெழுகு மூடியது போல இருந்தது. காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டு ஒரு ராத்திரி கொதிக்க வைத்தோம். மறுநாள் மெல்லிய எஃகுப் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தி இழுத்தோம். ராடு விடுவது என்போம். ஒவ்வொரு குழாயும் கத்தி உறை மாதிரித் தட்டை; பட்டை ஒரு நூல் விலகினால் பித்தளை கிழிந்துவிடும். முடித்து டேங்க்கைத் திரும்பப் பத்தவைத்து, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்று அடித்துப் பார்த்தோம். மூன்று இடத்தில் குமிழி. டிரைவர் மஞ்சள் போட்டு அடைத்த ஓட்டை மூன்றுதான்.

மாட்டிய பிறகு என்ன தண்ணீர் ஊற்றுவது? இதில்தான் எங்கள் தொழிலின் ரகசியமே இருந்தது. கொங்கு நாட்டில் போர்த் தண்ணீரைச் சப்பைத் தண்ணி என்போம், குடிக்கிற தண்ணீரை நல்ல தண்ணி என்போம். மேட்டுப்பாளையத்தில் பவானி ஓடுகிறது, கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணி. இரண்டுமே நல்ல தண்ணி. அவிநாசி, திருப்பூர், பல்லடம் பக்கம் ஆயிரம் அடி போரில் வருவதைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைச் செதில் படியும். அதே செதில்தான் இன்ஜினுக்குள்ளும் படியும். சட்டியின் அடியில் மண் பூசினால் சமையல் தாமதமாகிற மாதிரி, இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்தப் படலம் உட்கார்ந்துகொண்டு சூட்டை வெளியே விடாது.

ஒரு தடவை ஊற்றிய தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம்தான். அது படிந்த பிறகு தண்ணீர் தன்னால் மென்மையாகிவிடும். கெடுதல் எல்லாம் மேலும் மேலும் ஊற்றுவதில். ஓட்டையால் குறைகிறது, ஊற்றுகிறார்கள். ஊற்றியதால் படிகிறது, படிந்ததால் கொதிக்கிறது, கொதித்ததால் குறைகிறது, மறுபடி ஊற்றுகிறார்கள். பல டிரைவர்கள் மாதம் ஒருமுறை, கட்டாயமாக ஆயுத பூஜைக்கு முன்னால் ஒருமுறை, 'புதுத் தண்ணி' மாற்றுவதைப் புண்ணியமாக நினைத்தார்கள். சப்பைத் தண்ணியை வடித்துவிட்டுப் புதுச் சப்பைத் தண்ணி! ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய சுண்ணாம்பு, புதிய காற்று, புதிய துரு. அது எங்களுக்குத் தெரியும். மேஸ்திரி மட்டும் ஐப்பசி மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, தெரிந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார். மற்றபடி நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் புண்ணியத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அதைவிட எனக்கு உறுத்துவது தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைத்து, 80 டிகிரிக்கு மேல் மெழுகு உருகி வாயைத் திறக்கும் ஒரு சின்ன வால்வு. கழுவும்போது அதைக் கழற்றுவோம். திரும்ப மாட்டியதே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க, வெள்ளைக்காரன் குளிருக்கு வெச்சது" என்று சொல்லித் தகர டப்பாவில் போட்டுவிடுவோம். தமிழ்நாடு முழுக்கப் பட்டறைகளில் இதே பேச்சுதான். டீசல் இன்ஜின் தன் சூட்டில் வேலை செய்தால்தான் எண்ணெய் முழுதாக எரியும். குளிர்ந்தே ஓடினால் புகை கக்கும், சிலிண்டர் தேயும், டீசல் அதிகம் குடிக்கும். அம்பாசிடர்கள் அவ்வளவு கரும்புகை கக்கியதில் எங்கள் தகர டப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கடையை மூடியபோது அந்த டப்பாவில் நூறுக்கு மேல் இருந்தன.

வெள்ளைக்காரன் குளிர் என்று சொன்னாலும், ஊட்டியில் மார்கழியில் உறைபனி விழும். இங்கிலாந்தில் பழைய நாளில் குளிர்கால இரவுகளில் ரேடியேட்டரை வடித்து வைப்பார்கள். உறைந்த தண்ணீர் பெருத்து பிளாக்கைப் பிளந்துவிடும். தண்ணீரில் சாராய வகைகளைக் கலந்தும் பார்த்தார்கள், அது ஆவியாகிப் போய்விடும். 1927-ல் அமெரிக்காவில் எத்திலீன் கிளைகாலை பிரஸ்டோன் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ராத்திரி வேலை ஒழிந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரிக்கும் உறையாது. தலைக்குந்தாவில் வண்டி நிறுத்துகிற டிரைவர்களிடம், "ராத்திரி வடிச்சு வெச்சுருங்க" என்று மேஸ்திரியும் சொல்வார். பிளந்த பிளாக் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இந்தக் கிளைகால் கலந்த கூலன்ட்டின் பெருமை நமக்கு வேறு விதத்தில்தான் தெரிந்தது: அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு. வடித்தால் இரண்டு வருஷத்துக்குப் பிறகும் செங்காவி இல்லாமல் பச்சையாகவே வந்தது. முதல் முறை அதைப் பார்த்த அன்றே மேஸ்திரி சொன்னார், "இது நம்ம பொழப்புக்கு எவர்சில்வர், கண்ணு." ஒன்றைச் சொல்ல வேண்டும்: கூலன்ட் இனிக்கும், விஷம். வடித்ததைத் தெருவில் விட்டால் நாய் நக்கும்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது, அடுத்தடுத்து மற்றவை வந்தன. கோர் அலுமினியமானது, டேங்க் பிளாஸ்டிக்கானது. அதைப் பத்த வைக்க முடியாது; காஸ்டிக் தொட்டியில் போட்டால் அலுமினியம் கரைந்தே போய்விடும். போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். மேஸ்திரி 1998-ல் போய்ச் சேர்ந்தார். 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. நான் அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஷட்டரை இறக்கினேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

இன்னும் சில வீடுகளில் டீசல் அம்பாசிடர் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால், ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று அதைப் பழைய இரும்புக் கடையில் பித்தளை விலைக்கு எடை போட்டுவிடாதீர்கள். பத்த வைக்கத் தெரிந்தவர் ஒருவராவது உங்கள் ஊரில் மிச்சம் இருப்பார். அவரிடம் கொண்டு போய்க் கொடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டுக் குழாயையும் மறக்காமல் திறக்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டும் வரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்கள்.